லயத்தில் பிறந்த லயம்

கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைப் பிரதேசத்தையும் இசையின் வழியே கண்டுவரும் பயணம் ஒன்றை மேற்கொள்ள வேண்டுமென எமது பாடசாலைத் தமிழ் மன்றத்து மாணவர் அண்மையில் விரும்பினர். ஒரு பஸ், மூன்று நாட்கள், நாற்பது மாணவர். எங்கெங்கே நிற்பது, எதைக் கேட்பது, எவரைச் சந்திப்பது என்ற ஒழுங்கை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் காரியம் என்றே முதலில் எண்ணினேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் சிக்கல் புலப்பட்டது. எந்த இடத்தில் வண்டியை நிறுத்துவது என்று தீர்மானிக்கும்போதே எந்த இடத்தை நிறுத்தாமற் கடந்து போவது என்பதையும் தீர்மானித்து விடுகிறோம். ஒரு பிரதேசத்தின் இசை மரபு இன்னதென்று வரையறுப்பது, அப்பிரதேசத்தின் மக்களுள் எவரை மனிதராகக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வியோடு பிணைந்து கிடக்கின்றது. ஆதலால் பயண ஒழுங்கு எழுதுதல் என்ற இச்சிறு வேலையும் ஒருவகை விமர்சன வேலையே ஆகும்.

இக்கட்டுரை அவ்வேலையினூடே எழுந்த சிந்தனைகளின் தொகுப்பு.

★

கண்டிக்கு வரும் எவரும் வழமையாகச் செய்வது யாது? காலையில் தலதா மாளிகைக்குப் போகின்றனர். பூசை வேளையில் முழங்கும் மேளத்தைக் கேட்கின்றனர். மாலையில் வாவிக் கரைக்கு அண்மையிலுள்ள மண்டபமொன்றில் நுழைவுச் சீட்டு வாங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கண்டி நடனம் பார்க்கின்றனர். எசல மாதமாயின் பெரஹராவைக் காண வீதியோரத்தில் இடம் பிடிக்கின்றனர். 1988இல் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்ட கண்டியின் இசை மரபு இவ்வளவோடு முடிந்துவிட்டதென்ற எண்ணத்துடன் நுவரெலியாப் பாதையில் ஏறிவிடுகின்றனர்.

இவ்வழமையை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. பெரஹராவின் மேளம் மகத்தான கலை. கெட்டபெரய எனப்படும் கண்டி மத்தளமும், தவுல எனப்படும் பெருமுரசும், தம்மெட்டம எனப்படும் இணைப்பறையும், ஹொரணேவ எனப்படும் ஊதுகுழலும் சேர்ந்து எழுப்பும் ஒலியை நள்ளிரவில் கேட்ட எவரும் அதனை எளிதில் மறக்கமாட்டார். தமிழ் படித்த ஒருவருக்கு அங்கே இன்னொரு மகிழ்ச்சியும் காத்திருக்கின்றது. தவுல என்றதும் தவில் நினைவுக்கு வருகிறது. தம்மெட்டம என்றதும் தம்பட்டம் நினைவுக்கு வருகிறது. கண்டி நடனத்தின் பதினெட்டு 'வன்னம்' என்ற பெயர், நம் யாப்பிலக்கணத்து வண்ணத்தையும் அருணகிரியாரையும் நினைவூட்டுகின்றது. யானையின் நடை, குதிரையின் பாய்ச்சல், மயிலின் அசைவு ஆகியவற்றைப் பாடியாடும் அவ்வன்னங்களின் மெட்டுகளை அமைத்தவர் கணிதாலங்கார என்ற இந்தியப் பிராமணர் என்று சிங்கள மரபே ஒரு கதையைப் பேணி வைத்திருக்கின்றது. 1739 முதல் 1815 வரை கண்டிச் சிம்மாசனத்தில் இருந்தவர்கள் மதுரைப் பக்கத்து உறவுடைய நாயக்கர்கள். ஊர்வலத்தில் மாளிகையின் அணிக்குப் பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினித் தேவாலயங்களின் அணிகள் வருகின்றன. கதிர்காமத் தேவாலய அணியிலே காவடி ஆடுகிறது. இறுதியில் வரும் பத்தினி நம் கண்ணகியே ஆவாள்.

இவற்றையெல்லாம் மாணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இங்கே ஒரு வழுக்கல் உண்டு. "எல்லாம் எம்மிடமிருந்து போனவையே" என்று மார்தட்டி நின்றுவிடும் தமிழ்ப் பெருமை, "எல்லாம் எம்முடையவையே" என்று கூறும் மற்றைப் பெருமையிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டதன்று. இரண்டும் இசைக் கருவியின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தேடுகின்றனவேயன்றி, அக்கருவியை இசைக்கும் கையைப் பார்ப்பதில்லை.

அந்தக் கை யாருடையது? கண்டி இராச்சியத்தில் மேளம் அடித்தல் பெரவா என்ற குலத்தாரின் பிறப்புக் கடமை. நிலத்தை உண்பவன் அந்நிலத்துக்குரிய ஊழியத்தைச் செய்தாக வேண்டும் என்பது இராஜகாரிய முறை. ஒரு துண்டு வயலுக்கு ஈடாகத் தந்தையும், அவனுக்குப் பின் மகனும், அவனுக்குப் பின் பேரனும் ஆலய வாயிலில் நின்று மேளம் அடித்தனர். 1832இல் ஆங்கில அரசு கட்டாய இராஜகாரியத்தை ஒழித்தது. ஆயினும் ஆலய நிலங்களோடு பிணைந்த ஊழியம் அதனால் ஒழிந்துவிடவில்லை. தெய்வத்தின் முன்னே முதலில் ஒலிப்பது அவன் கருவி. சமூகப் படிவரிசையிலோ அவன் கடைசியில் நின்றான். இந்த முரண்பாட்டைச் சொல்லாமல் பெரஹராவின் மேளத்தை மாத்திரம் மாணவருக்குக் கேட்கச் செய்வது அரைப்பாடமே ஆகும்.

பின்னர் நிகழ்ந்ததும் சிந்திக்கத் தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியரான காள் ஹாகன்பெக், விலங்குகளோடு சேர்த்துக் கண்டி ஆட்டக்காரரையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். 20ஆம் நூற்றாண்டிலே அதே ஆட்டம் தேசியக் கலையாக உயர்த்தப்பட்டது, பாடசாலைப் பாடமாயிற்று, அரசாங்க விழாக்களின் முகப்பாயிற்று. இன்று எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் அதனைக் கற்கின்றனர். இது முன்னேற்றமே. ஆனால் கலை உயர்ந்த அளவிற்குக் கலைஞன் உயர்ந்தானா? மேளத்தைத் தேசத்தின் சொத்தாக ஏற்றுக்கொண்ட வீடுகள் அனைத்தும் மேளகாரனின் வீட்டிலே பெண் கொள்ளவும் கொடுக்கவும் ஒப்பினவா? இக்கேள்வியை நெஞ்சில் இருத்திக்கொண்டு நகரத்தை விட்டு மலையேறுவோம். ஏனெனில் இதே கேள்வி அங்கே வேறொரு பறையின் உருவில் நமக்காகக் காத்திருக்கின்றது.

★

மலையேறுமுன் ஒரு திரைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1934இல் பசில் ரைற் என்ற ஆங்கிலேயர் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' என்ற விவரணப் படம் உலகத் திரைப்பட வரலாற்றிலே புகழ் பெற்றது. 'இலங்கையின் பாட்டு' என்பது அப்பெயரின் பொருள். அப்படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. நான்கு பகுதிகளாக அமைந்த அப்படத்தின் முதற்பகுதியில் பௌத்த யாத்திரிகர் மலையேறுகின்றனர். இரண்டாவதில் கிராம வாழ்க்கை வருகின்றது. சிறுவர் நடனம் பயில்கின்றனர். மூன்றாம் பகுதியின் பெயரோ 'வணிகத்தின் குரல்கள்'. அங்கேதான் தேயிலை வருகின்றது. கொழுந்தெடுக்கும் பெண்கள் வருகின்றனர். நான்காம் பகுதியிலே மீண்டும் வழிபாடும், முழு அணிகலன் பூண்ட கண்டி நடனமும் வந்து படத்தை நிறைவு செய்கின்றன.

படப்பிடிப்பின் அழகை எவரும் மறுக்க இயலாது. ஒலியையும் காட்சியையும் மோதவிட்டுப் பொருள் பிறப்பிக்கும் அதன் திறமையும் பாராட்டத் தக்கது. தேயிலை முதலாளிகளின் பணத்தில் எடுத்த படத்திலேயே, வணிகத்தின் இரைச்சல் கிராமத்தின் அமைதிக்குள் புகுந்துவிட்டதென்று காட்ட ஓரளவேனும் துணிந்தமைக்காகவும் ரைற் அவர்களை மெச்சலாம். ஆயினும் படத்தின் பகுப்பை நோக்குங்கள். பாட்டும் ஆட்டமும் தெய்வமும் கிராமத்தவனுக்கு. விலைச் செய்தியும் தந்தியொலியும் கப்பலும் தேயிலைக்கு. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கை உண்டு, கூடை உண்டு, பாட்டு இல்லை. இலங்கையின் பாட்டு என்று பெயரிட்ட படத்தில், தன் உழைப்பால் அப்படத்துக்கே பணம் தந்தவள் பாட்டில்லாதவளாக நிற்கின்றாள்!

இது ஒரு தனி மனிதரின் பிழையன்று. ஒரு காலத்தின் பார்வை அது. அப்பார்வை இன்றும் மறையவில்லை. சுற்றுலாப் பயணிக்காக அச்சிடப்படும் கையேடுகளிலே கண்டி நடனம் 'பண்பாடு' என்ற தலைப்பின் கீழும், தேயிலைத் தோட்டம் 'இயற்கைக் காட்சி' என்ற தலைப்பின் கீழும் வருவதை இன்றும் காணலாம். மலையைப் போல, மூடுபனியைப் போல, கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணும் ஒரு காட்சிப் பொருள். காட்சிக்கு ஏது பாட்டு?

★

எனவே எமது பயணத்தின் இரண்டாம் நாள் ஹேவாஹெட்டைப் பாதைக்கு உரியது.

முதலில் கண்டிக்கு அருகே ஹந்தானை மலையில் நிற்போம். 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலை ஆலையொன்று 2001இல் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டிருக்கின்றது. தேயிலையை வாட்டிய, அரைத்த, சலித்த இயந்திரங்கள் அங்கே துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. மாணவர் அவற்றைப் பார்க்கட்டும். இயந்திரத்தின் ஓசைக்கும் ஒரு வரலாறு உண்டு.

அங்கிருந்து மலைப் பாதையில் லூல்கந்துரைக்குப் போவோம். 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கர் நிலத்திலே இந்நாட்டின் முதலாவது வணிகத் தேயிலைப் பயிரை இட்ட தோட்டம் அது. இரண்டு ஆண்டுகளின் பின், 1869இல், கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. கோப்பி அழிந்தது; தேயிலை வென்றது. ரெய்லரின் பெயரை அங்குள்ள நினைவுப் பலகைகள் கூறும். அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்திய தமிழ்க் கூலிகளின் பெயரை எந்தப் பலகை கூறும்? அவர்களுக்கு எஞ்சிய பலகை பாட்டுத்தான்.

இங்கே தமிழ் மொழி நமக்கொரு வியப்பைத் தருகின்றது. இசை நூலோர் 'லயம்' என்ற சொல்லால் தாளத்தின் ஓட்டத்தைக் குறிப்பர். தோட்டத் தொழிலாளியோ 'லயம்' என்று தன் வீட்டைச் சொல்கின்றான். வரிசையாகக் கட்டிய காம்பறாக்களுக்கு ஆங்கிலேயன் இட்ட 'லைன்' என்ற பெயரே அவன் வாயில் லயன் ஆகி, லயமும் ஆயிற்று. இரு சொற்களுக்கும் பிறப்பால் உறவில்லை. ஆனால் இந்த லயத்துக்குள்ளேதான் அந்த லயம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உயிர் வாழ்ந்தது.

விடியுமுன் பனி விலகாத வேளையிலே தப்பு முழங்கும். பிரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைக்கும் ஓசை அது. தூக்கம் கலையாத குழந்தையைப் பிள்ளைக் காம்பறாவில் விட்டுவிட்டுத் தாய் ஓடவேண்டும். பிந்திப் போனால் அன்று பேர் விழாது. குறைந்து பறித்தால் அரைப்பேர்தான் விழும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றி, சக்தி அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய நெடுங்கவிதையிலே இந்தப் பறையொலி சும்மா வரவில்லை. தோட்டத்து நாளைத் திறந்து வைத்த ஓசை அதுவே. காலப்போக்கில் அவ்விடத்தைக் கொம்பும் ஆலைச் சங்கும் பிடித்துக்கொண்டன. ஆனால் தப்பு ஓயவில்லை. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி என அதன் மொழி விரிந்தது. எதிர் மலையில் நிற்பவன் ஓசையைக் கேட்டே, அங்கே நடப்பது சாவா திருவிழாவா என்று அறிவான்.

ஒரே கருவி வேலைக்கு அடித்து எழுப்பும் அதிகாரத்தின் குரலாகவும், இரவில் தொழிலாளியின் சொந்தக் குரலாகவும் இருந்தது என்பதே தப்பின் வரலாற்றில் மிகவும் ஊன்றி நோக்கத் தக்க செய்தி. பகலில் அவனை விரட்டிய தோலை இரவில் அவன் நெருப்பிலே காய்ச்சித் தன் சுருதிக்கு ஏற்றினான். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றியதும் காமன் பொட்டலில் இரதியும் மதனும் இறங்குவர். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். ஈசனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவதும், இரதி புலம்புவதும், அவன் மீண்டு எழுவதும் கதை. வேடமிட்டு ஆடுவோர் மறுநாட் காலையில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் ஆண்கள். இரதியின் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் விடும் பெண்கள் அழுவது மதனுக்காக மாத்திரந்தானா? ஆற்றிலும் காட்டிலும் காய்ச்சலிலும் தாம் இழந்தவர்களுக்காகவும் அல்லவா? பொன்னர் சங்கரும், தபசு மரம் ஏறும் அருச்சுனனும் இவ்வாறே மலையகத்து மண்ணிலே புதுப்பொருள் பெற்றனர்.

இப்பாதையில் இன்னோர் இடத்திலும் நிற்க வேண்டும். ஹேவாஹெட்டையிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியிலே கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் இழந்தார். இசைப் பயணத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இருக்கலாம். தொடர்பு உண்டு. அதே 1940இல் மீனாட்சி அம்மாள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். மேடையில் ஏறிப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். மக்களுக்கு நன்கு தெரிந்த மெட்டிலே, மக்கள் அதுவரை சொல்ல அஞ்சிய செய்தியை வைத்துப் பாடினார். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்குமாக நெஞ்சுக்குள் முனகிய குரல், பொதுக்கூட்டத்தின் குரலாக நிமிர்ந்தது இவ்வாறுதான். மலையக இசை மரபை எழுதப் புகுவோர் காமன் கூத்தோடு நிறுத்திக்கொண்டு இப்பாட்டுகளை 'வெறும் பிரசாரம்' என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

★

பாட்டுகளைத் தொகுத்தோரின் பணியையும் இவ்விடத்தில் மதிப்பிட வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, மறு ஆண்டிலேயே தம் மக்களின் பிரசாவுரிமை சட்டத்தால் பறிக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவர். 'மாமன் மகனே' முதலிய தொகுப்புகளிலே அவர் சேர்த்து வைத்த பாடல்கள் இல்லையெனில் கங்காணியின் கொடுமையும், பெரட்டின் அவசரமும், கப்பல் ஏறிய நாளின் ஏக்கமும் தொழிலாளியின் சொந்த வாயால் நமக்குக் கிடைத்திரா. சாரல் நாடன் 'மலையக வாய்மொழி இலக்கியம்' என்ற நூலால் அப்பணியை மேலும் நடத்தினார். வாக்குரிமை அற்றவனுக்கு வாய் உண்டு என்று நிறுவியவர்கள் இவர்கள். இவர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இருப்பினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அச்சேறியவை சொற்களே. மெட்டு அச்சேறவில்லை, தப்பின் அடி அச்சேறவில்லை, பாடும்போது மலைச்சரிவில் மூச்சு வாங்கும் இடம் அச்சேறவில்லை. இது தொகுத்தோரின் குற்றமன்று, காகிதத்தின் குறை. ஆனால் அக்காகிதத்தை வைத்துக்கொண்டு வகுப்பறையில் நாம் செய்வதென்ன? மலையக நாட்டார் பாடலை மாணவர் மனனஞ் செய்து, அதிலுள்ள அவலச்சுவையை ஐந்து புள்ளிக்கு விளக்குகின்றனர். பாட்டு வினாவாகவும் விடையாகவும் மாறிவிட்டது. பாடத்தை நடத்தும் ஆசிரியரும் ஒருமுறையேனும் அதைப் பாடிக் காட்டுவதில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

அழகியற் பாடங்களை எடுத்துக்கொண்டால், தமிழ்ப் பாடசாலைகளில் கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பிரதான இடம் பெறுகின்றன. அவை உயர்ந்த கலைகள். அவற்றைத் தோட்டத்துப் பிள்ளை கற்பது அவனது உரிமை. ஆனால் கற்கும்போதே, தன் லயத்தில் ஒலிப்பது இசையன்று என்ற பாடத்தையும் அவன் சொல்லாமற் கற்றுக்கொள்கின்றான். பயணத்துக்கு முன்னோடியாக, வீட்டிலும் அயலிலும் கேட்ட இசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு மாணவரிடம் கேட்டிருந்தேன். பலர் திரைப்பாடலையும் கோவில் நாதஸ்வரத்தையும் எழுதினர். ஒருவன் மாத்திரம் வெற்றுத் தாளைத் தந்தான். தனியே கேட்டபோது, தன் பாட்டனார் அந்தத் தோட்டத்தில் பெயர்பெற்ற தப்புக்காரர் என்று மெல்லச் சொன்னான்.

"பின் ஏன் எழுதவில்லை?"

"அது சங்கீதமில்லையே, சேர்."

அந்த வெற்றுத்தாள் இன்னும் என் மேசையில் கிடக்கின்றது.

★

மூன்றாம் நாள் மாத்தளைக்கு. கண்டியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர். அங்கே முத்துமாரியம்மன் ஆலயத்திலே மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் வீதி உலா வரும். நாதஸ்வரமும் தவிலும் உடுக்கும் பறையும் ஒருங்கே கேட்கக் கிடைக்கும் இடம் அது.

ஆனால் மாத்தளைக்குப் போவதற்கு அதைவிட ஆழமான காரணம் உண்டு. 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது முதல், தென்னிந்தியாவிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் நிறைந்த வடபாதை வழியே நடந்து மாத்தளைக்கு வந்தே மலைநாட்டினுள் பிரிந்து சென்றனர். வழியில் வீழ்ந்தவர்களுக்குக் கணக்கில்லை, கல்லறையும் இல்லை. நாம் பஸ்ஸில் போகும் இப்பாதையின் முதற் பயணிகள் அவர்களே. மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் சுமந்து வந்தவற்றுள் எடையில்லாதது பாட்டு ஒன்றுதான். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரால் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. ஜூலை 28இல் புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். மூதாதையர் நடந்த வழியைப் பேரர்கள் தம் காலால் அளந்த அந்தப் பதினாறு நாட்களே, எனது அறிவுக்கு எட்டியவரை, இப்பிரதேசத்தில் மேற்கொள்ளப்பட்ட மிகச் சிறந்த மரபுப் பயணம். அங்கே பார்வையாளர் வேறு, காட்சி வேறு என்ற பிரிவு இருக்கவில்லை.

இப்பயணம் மாத்தளையிலும் முடியாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைப் பங்கிட்ட அரசுகள் பாட்டைப் பங்கிட மறந்தன! ஒரே கூத்தின் இரதி கண்டியில் நிற்க மதன் நீலகிரிக்குப் போனான். கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறியவர்கள் அங்கேயும் தேயிலையே பறித்தனர். கண்டிப் பகுதியின் இசை மரபில் ஒரு பாதி இன்று கடலுக்கு அப்பால் இருக்கின்றது. எமது மூன்று நாள் ஒழுங்கில் அதற்கு இடமில்லை. ஆயினும் அவ்வொழுங்கின் அடியில் 'தொடரும்' என்று எழுதி வைத்திருக்கின்றேன்.

★

இனி, தவிர்க்கமுடியாத கேள்விக்கு வருவோம். மாணவரை லயத்துக்கு அழைத்துச் சென்று தப்படிக்கச் சொல்லிக் கேட்பது சரியா?

முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரிடையே இன்று தப்பைப் போற்றும் குரல் ஓங்கியிருக்கின்றது. ஆதித் தமிழனின் கருவி, உழைப்பாளியின் கருவி என்றெல்லாம் புகழ்கின்றனர். புகழ்ச்சியில் உண்மை உண்டு. ஆனால் தோட்டத்திலே தப்பு ஒரு சாதியின் தோளிலே தொங்கவிடப்பட்ட கடமை என்பதும் உண்மை. சாவு வீட்டிலே முற்றத்துக்கு வெளியே நின்று அடித்துவிட்டு, ஒதுக்கித் தந்த கோப்பையில் தேநீர் குடித்த அவமானம் அந்தத் தோலில் ஊறியிருக்கின்றது. அதனை எறிந்துவிட்டுப் படித்து வேறு தொழிலுக்குப் போக விரும்பும் இளைஞனைப் பார்த்து, "ஐயோ, மரபு அழிகின்றதே!" என்று பஸ்ஸிலிருந்து இறங்கிய நாம் அங்கலாய்ப்பது எவ்வளவு கொடுமை! அவன் எறிவது கலையை அன்று, இழிவை. அவனுக்கு அவ்வுரிமை உண்டு.

அப்படியானால் தப்பு அழியட்டும் என்பதா? அதுவுமன்று. இழிவு கருவியில் இல்லை; அதனை இன்னார்தான் அடிக்க வேண்டும் என்ற விதியில் இருக்கின்றது. விதியை உடைத்தால் கருவி விடுதலை பெறும். எவரும் எடுக்கலாம், எவரும் விடலாம் என்ற நிலையில்தான் ஒரு கலை உண்மையில் மக்கள் கலை ஆகின்றது. கண்டி மத்தளம் இவ்வழியில் ஒரு பாதி தூரம் வந்திருக்கின்றது. எல்லாக் குலத்துப் பிள்ளையும் அதைத் தொடுகின்றான். அது நமக்கு நம்பிக்கை. தொட்ட பின்னும் மேளகாரனின் குலப்பெயரை மறவாத சமூகம் இருக்கின்றது. அது நமக்கு எச்சரிக்கை. சிங்கள மேளகாரனும் தமிழ்த் தப்புக்காரனும் ஒரே மலையின் இரு சரிவுகளில், ஒருவன் நிலத்துக்கும் ஒருவன் பேருக்கும் கட்டுண்டு, பரம்பரையாகக் கைவலிக்க அடித்தவர்கள். இவ்விருவரையும் ஒரு முற்றத்தில் அருகருகே இருத்தி, ஒருவர் அடியை மற்றவர் கேட்கச் செய்யும் நாளே இப்பிரதேசத்தின் இசை மரபு முழுமையாகக் கேட்கப்படும் நாள்.

எனவே பயண ஒழுங்கை இவ்வாறு திருத்தி எழுதியுள்ளேன். காலம், மாசி மாதம். காமன் கூத்து தானாகவே நடக்கும் பருவம். நமக்காக எவரும் ஆட வேண்டியதில்லை. நடக்கும் கூத்துக்கு நாம் விருந்தினராகப் போவோம். முன்கூட்டியே தோட்டத்து மக்களிடம் இசைவு பெறுவோம். கலைஞருக்குரிய சன்மானத்தைப் பிச்சையாக அன்றிக் கூலியாகக் கொடுப்போம். நகரத்தில் மாளிகையின் மேளத்தைக் கேட்கும்போதும் அடிப்பவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வோம். முல்லோயாவில் சிறிது நேரம் மௌனமாக நிற்போம்; அந்த மௌனமும் இப்பயணத்தின் இசையில் ஓர் அங்கம்.

வெற்றுத்தாள் தந்த மாணவனின் பாட்டனாரைப் பாடசாலைக்கு அழைக்கலாமா என்று அவனிடமே கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "தாத்தா வருவார் சேர், ஆனா சாவுக்கு அடிக்கிற மாதிரி வாசல்லே நிக்க மாட்டாராம். உள்ளே கதிரை போடணுமாம்" என்றான்.

மண்டபத்தின் நடுவிலே கதிரை போடப்படும். பயணத்தின் முதலாவது தரிப்பு அதுவே.